சுருட்டிய காகிதத்தின் பூர்வீகம்

வாரப் பத்திரிகையின் வழவழப்பான தாளை நீண்ட முக்கோணமாக வெட்ட வேண்டும். அகன்ற முனையைத் தென்னை ஈர்க்கில் வைத்து இறுக்கிச் சுருட்டி, கூர்முனையில் கொஞ்சம் பசை தொட்டு ஒட்டினால், நடுவில் பருத்து இரு ஓரமும் ஒடுங்கிய மணி கிடைக்கும். ஈர்க்கை உருவிவிட்டு இரண்டு முறை வார்னிஷ் பூசினால், காகிதம் என்று சொன்னால்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு ஆகாது, சுருட்டும்போதே முறிந்துவிடும்.

இந்த மணிகளைக் கோத்து மாலையாக விற்கும் தோழி, "இது உகாண்டா கலை" என்பாள். அவளோடு சேர்ந்து செய்யும் இன்னொருத்தியோ, "நம்ம காதோலைதான் அங்கே போச்சு" என்று அடித்துப் பேசுவாள். எது சரி என்று பார்க்கப் புறப்பட்டேன்.

உகாண்டாக் கதைக்கு ஆதாரம் இருக்கிறது. வடக்கே நடந்த போருக்குத் தப்பி வந்த அச்சோலிப் பெண்கள், தலைநகர் கம்பாலாவின் ஓரத்தில் கல்குவாரியில் கல் உடைத்துப் பிழைத்தார்கள். கூடவே காகித மணியும் சுருட்டினார்கள். 2004இல் தொடங்கிய 'பீட் ஃபார் லைஃப்' அமைப்பு அந்த மாலைகளை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுபோனது. பேர் வந்தது அப்படித்தான். செய்முறை அதைவிடப் பழையது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சுவரொட்டுத் தாளின் மிச்சங்களைப் பின்னல் ஊசியில் சுருட்டி, வாசல் திரையாகக் கோத்தார்கள் என்று கைவினை வரலாறு எழுதுவோர் சொல்கிறார்கள்.

அடுத்தது காதோலை. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் கருகமணியோடு சேர்த்து விற்பதை வாங்கிவந்து பிரித்துப் பார்த்தேன். சாயம் தோய்த்த பனையோலை நாடா. முனைக்கு முனை ஒரே அகலம். பசை கிடையாது. விரலை எடுத்ததும் ஓலை தானே விரிந்தது. அந்த விரியும் குணத்துக்குத்தான் அங்கே வேலை. காதுத் துளையில் செருகிய சுருள் உள்ளிருந்து அழுத்தி அதைப் பெரிதாக்கும். பிறகு இன்னும் பெரிய சுருள். காது வளர்த்த வழி இது. டி.ஏ. கோபிநாத ராவ் 1914இல் வெளியிட்ட சிற்ப நூலில் ஐந்து வகைக் குண்டலங்களைச் சொல்கிறார். அவற்றில் பத்ர குண்டலம் இந்த ஓலைச் சுருளின் வழி வந்தது.

ஆக, ஓலை விரிய வேண்டும். காகிதம் விரியவே கூடாது. ஒன்று மடலுக்குள் நிற்கிறது, மற்றது நூலில் தொங்குகிறது. ஒரே தெருவில் குடியிருந்தால் பங்காளி ஆகிவிடுவார்களா? இங்கிருந்து அங்கே போனதற்கு ஒரு தடயமும் எனக்குக் கிடைக்கவில்லை.

காகித மணிக்கு வாங்க ஆள் இருந்ததால் அது கடல் தாண்டியது. ஓலைத் தோடோ காதை விட்டு இறங்கி, பூஜைத் தட்டோடு நின்றுவிட்டது. அதை மறுபடி நகையாகச் செய்ய யாராவது முன்வந்தால், காகிதத்துக்குப் பாட்டன் என்று சொல்லி விற்க வேண்டியதில்லை. ஓலை என்றே சொல்லி விற்கலாம்.