தறிக்குடோனில் கேட்ட காது

பல்லடம் பக்கம் தறிக்குடோனில் வேலை பார்த்தவரை என் காது மந்தம் என்று ஊருக்குத் தெரியாது. எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். விசைத்தறி ஓடுகிற இடத்தில் வாயசைவும் கையசைவும்தானே பேச்சு? நூல் அறுந்தால் விரலைச் சுழற்றுவோம். முதலாளி வருகிறார் என்றால் புருவத்தைத் தூக்கினால் போதும்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு வந்தபிறகுதான் 'செவிட்டு அக்கா' ஆனேன். தறியைப் பார்க்க ஓவர்லாக் மெஷினின் சத்தமெல்லாம் ஒரு சத்தமா! அதனால் இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசுகிறார்கள். மறைத்தேன். எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பேன். எல்லோரும் சிரித்தால், என்னை வைத்துத்தான் என்று தெரிந்தும், சேர்ந்து சிரிப்பேன். காது மெஷின் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொள்வேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அதை யார் பேசினார்கள்?

இரைச்சலால் காது போவது தறிக்காரன் தலையெழுத்து என்பார் அப்பா. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அதற்குத் தொழில்நோய் என்று பெயர் இருந்தது. எங்கள் குடோனை அந்தச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர். மாற்றுத்திறனாளியைப் பலர் பார்க்க வேண்டுமென்றே அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை என்கிறது 92ஆம் பிரிவு. நான் யாரையும் உள்ளே தள்ளப் போவதில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டதில் ஒரு தெம்பு.

அந்தத் தெம்பும் என்னைப் பேச வைக்கவில்லை. பேச வைத்தது, காது கேளாதோர் பள்ளியில் படித்துவிட்டு எங்கள் டேபிளுக்கு வந்த பெண். முதல் நாளே லைன் சூப்பர்வைசரின் தோளைத் தட்டினாள். தன் காதைக் காட்டி 'இல்லை' என்று கையசைத்தாள்; பிறகு தன் கண்ணைக் காட்டினாள். அவர் நேராகத் திரும்பி நின்று சொன்னார், சைஸ் மாறியதை போர்டில் எழுதினார். அவ்வளவுதான் வேலை! மறுநாள் நானும் போய்ச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே அக்கா" என்றார். சிரிக்கிற கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பட்டப்பெயரைச் சொன்னவனை அன்றே எல்லோர் முன்னாலும் அதை நிறுத்தச் சொன்னார்.

போன தீ ஒத்திகைக்கு மணி மட்டும் அடித்தார்கள். எல்லோரும் வெளியே ஓட, நாங்கள் இருவரும் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தோம். செக்கிங் பக்கம் ஒரு சிவப்புச் சுழல்விளக்கு கேட்டோம், போட்டுவிட்டார்கள். பாத்ரூமுக்குள்ளும் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.