கால் நல்லா இருக்கு சார், காதுதான் கேக்காது

நீளமான பதிவு மக்களே. ஆனா உங்க வீட்டில் காது சரியாகக் கேட்காத ஒருத்தர் இருந்தாலும் சரி, நீங்க அடுத்து விமானத்தில் ஏறப் போறீங்கன்னாலும் சரி, கடைசி வரை படிச்சிடுங்க.

சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவ மாநாட்டுக்காகச் சென்னையிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தேன். ராத்திரி விமானம். கிட்டத்தட்ட மூணு மணி நேரப் பயணம். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் நல்ல குலுக்கல். சாப்பாட்டு வண்டியை உள்ளே தள்ளிட்டுப் போயிட்டாங்க. விளக்கையும் அணைச்சாச்சு. நானும் கண்ணை மூடிட்டேன்.

எவ்வளவு நேரம் ஆச்சோ தெரியல. மைக்கில் குரல். "பயணிகளில் மருத்துவர் யாராவது இருக்கீங்களா?"

டாக்டர்களுக்கு இந்த அறிவிப்பு கேட்டாலே வயிற்றைப் பிசையும். கையில் மருந்து கிடையாது, மெஷின் கிடையாது, நர்ஸ் கிடையாது. எழுந்து போனேன்.

பன்னிரண்டாவது வரிசை, ஜன்னல் சீட். முப்பது வயசு இருக்கும். சட்டையெல்லாம் வியர்வை. கை நடுங்குது. பணிப்பெண் சொன்னார்: "எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் இல்ல டாக்டர். கண்ணைத் திறக்கிறார், மறுபடி மூடிக்கிறார். குடிச்சிருக்காரோ என்னவோ."

வாடை எதுவும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "தம்பி, உங்க பேர் என்ன?"ன்னு சத்தமா கேட்டேன். ஏதோ ஒரு ஒலி எழுப்பினார். ஒரு வார்த்தைகூடப் புரியல. "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். தூக்கல.

திடீர் வியர்வை. குழறல் பேச்சு. சொல்வதைப் புரிஞ்சுக்க முடியாத நிலை. என் மூளை உடனே எழுதின வார்த்தை: ஸ்ட்ரோக்.

தலைமைப் பணியாளர் கேட்டார்: "பக்கத்து ஏர்போர்ட்ல இறக்கணுமா டாக்டர்? கேப்டன் கேக்கிறார்."

ஒரு நிமிஷம் கொடுங்கன்னு சொல்லிட்டு, கண்மணியைப் பார்க்கணுமேன்னு தலைக்கு மேல இருந்த ரீடிங் லைட்டைப் போட்டேன். வெளிச்சம் அவர் முகத்திலும் என் முகத்திலும் விழுந்தது. அவர் என் வாயைப் பார்த்தார். நடுங்குற கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டு, இல்லைங்கிற மாதிரி அசைச்சார்.

அவருக்குக் காது கேட்காது.

இத்தனை நேரமும் இருட்டுல நின்னு, காது கேட்காத ஒரு மனுஷன் காதுக்குள்ள கத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

போனை எடுத்து டைப் பண்ணினேன். "நான் டாக்டர். என்ன செய்யுது?" அவர் வாங்கி, எழுத்தெல்லாம் தப்புத்தப்பா, ரொம்பக் கஷ்டப்பட்டு அடிச்சார். "சுகர் லோ. இன்சுலின் போட்டேன். சாப்பாடு வரல."

அவர் பையிலேயே குளுக்கோமீட்டர் இருந்தது. சுகர் 51. எழுபதுக்குக் கீழே போனாலே அது லோ சுகர். ஒரு ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்ச வைத்தோம். பதினைந்து நிமிஷம் கழித்து 82. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு சாப்பாடு கொடுத்தோம். ஸ்ட்ரோக்கும் இல்ல, விமானத்தை வழியில் இறக்க வேண்டிய அவசியமும் இல்ல.

எப்படி ஆச்சுன்னு அப்புறம் அவரே டைப் பண்ணிச் சொன்னார். குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்காதாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறார். முன்வரிசையில் சாப்பாட்டு வண்டி கிளம்புவதைப் பார்த்துட்டு, இன்னும் அஞ்சு பத்து நிமிஷத்தில் நம்ம வரிசைக்கு வந்துடும்னு வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுக்கிட்டார். அந்த நேரத்தில்தான் குலுக்கல். "சாப்பாடு வழங்குவதைத் தற்காலிகமாக நிறுத்துகிறோம், தாமதமாகும்" என்று அறிவித்தாங்க. விமானத்தில் எல்லாருக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கல. வண்டி வரும், வரும்னு காத்திருந்தார். அந்த வகை இன்சுலின் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வேலையைத் தொடங்கிடும். சாப்பாட்டுக்காகக் காத்திருக்காது.

ஒரே ஒரு வரி. "சாப்பாடு லேட்டாகும்" என்று யாராவது ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டியிருந்தால் பையில் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டிருப்பார். அவ்வளவுதான்.

பணியாளர்களைக் குறை சொல்லத் தோணல. நல்ல பிள்ளைகள். ஓடி ஓடிச் செய்தாங்க. பன்னிரண்டாவது வரிசைப் பயணிக்குக் காது கேட்காது என்பதே அவங்களுக்குத் தெரியாது.

கதை இங்க முடியல.

விமானம் இறங்கியது. நானும் அவரும் சேர்ந்தே நடந்து வந்தோம். வெளியே அவர் பெயரை எழுதிய தாளோடு ஒருத்தர் நிக்கிறார். கூடவே ஒரு வீல்சேர்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரிச்சார். போனில் அடிச்சுக் காட்டினார். "எப்பவும் இப்படித்தான் சார். கால் நல்லா இருக்கு, காதுதான் கேக்காது."

யோசிச்சுப் பாருங்க. டிக்கெட் போடும்போதே தனக்குக் காது கேட்காது என்று அவர் சொல்லியிருக்கார். அந்தத் தகவல் கம்ப்யூட்டருக்குள்ள எங்கெங்கோ சுத்தி, கடைசியில் வீல்சேரா வெளியே வந்திருக்கு. அவர் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு மட்டும் வந்து சேரல.

பெட்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் அவர் இன்னும் நிறையச் சொன்னார். ஒரு ஊரில் கடைசி நேரத்தில் கேட் மாறிவிட்டது. கேட் ஊழியர் வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுற்றி இருந்த கூட்டம் எழுந்து ஓடுது. இவருக்கு ஏன்னு புரியல. பின்னாடியே ஓடியிருக்கார். அது வேறு விமானத்துக்கான கூட்டமாம். இவருடைய விமானம் இவர் இல்லாமலே போய்விட்டது.

கவுன்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னால், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவாங்க. உதட்டைப் படிக்க வழியில்லை. "கேட்காது"ன்னு சைகை காட்டினால் இன்னும் சத்தமா பேசுவாங்க. நானும் அதைத்தானே செய்தேன்?

"காது மெஷின் போட்டா சரியாயிடுமே டாக்டர்"னு கேட்பீங்க. விமானத்துக்குள் இரைச்சல் சுமார் 75 முதல் 85 டெசிபல். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். மெஷின் பேச்சோடு சேர்த்து இரைச்சலையும்தான் பெரிசு பண்ணும். நல்ல காது உள்ள நமக்கே கேப்டன் பேசுறது பாதி புரியறதில்ல.

இது யாரோ சிலருடைய பிரச்சினையும் இல்ல. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவாகியிருக்காங்க. உலகம் முழுக்க 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ மறுவாழ்வு உதவியோ தேவைப்படும் அளவுக்குக் காது கேட்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறுபது வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருத்தருக்கும் மேல். பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் நம்ம அம்மா அப்பாவும் இதில் அடக்கம்.

நாமளே அவங்களுக்கு வீல்சேர் போட்டுத்தான் அனுப்புறோம். நடக்க முடியாதுன்னு இல்ல. கூட ஒரு ஆள் வந்து கேட்டில் சேர்த்துவிடுவாரேன்னு. அந்தக் கவலை எனக்கும் புரியுது. ஆனா நல்லா நடக்கிற ஒருத்தரை உட்கார வச்சுத் தள்ளித்தான் "கேட் 14-க்கு மாறிடுச்சு"ங்கிற ஒரு தகவலைக் கொடுக்கணுமா? நிஜமாவே நடக்க முடியாதவர் அதே வீல்சேருக்காக வரிசையில் காத்திருப்பார்.

விதிகள் இல்லாமல் இல்ல. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கென்றே தனி விதி வச்சிருக்கு. ஊனத்தைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கணும் என்கிறது அது. காது கேட்காத பயணி என்று குறிக்க விமானத் துறையில் 'டெஃப்' என்று தனிக் குறியீடே இருக்கு. வீல்சேருக்கு வேறு குறியீடு. ரெண்டும் ஒண்ணு இல்ல.

அமெரிக்க விதி இன்னும் தெளிவு. காது கேட்காதுன்னு ஒரு பயணி சொல்லிவிட்டால், மற்றவர்களுக்குச் சொல்லும் தகவல் அவருக்கும் உடனே போய்ச் சேரணும். கேட், தாமதம், இணைப்பு விமானம், பெட்டி வரும் இடம்னு பட்டியலே போட்டிருக்காங்க. அந்தப் பட்டியலில் சாப்பாடு பற்றிய தகவலும் இருக்கு. முன்னாடி படிச்சப்போ, இதையெல்லாமா சட்டத்தில் எழுதுவாங்கன்னு தோணியிருக்கும். 51-ங்கிற எண்ணைப் பார்த்த பிறகு அப்படித் தோணல.

நம்ம ஊர்ல பல விமான நிலையங்கள் 'சைலண்ட் ஏர்போர்ட்' ஆயிடுச்சு. போர்டிங் அறிவிப்பு கிடையாது, திரையைப் பார்த்துக்கணும். ஒரு வகையில் அங்க எல்லாரும் சமம். ஆனா கடைசி நேர மாற்றத்தை ஊழியர் வாயால் மட்டும் சொல்லிட்டுப் போனா, அந்தச் சமம் அங்கேயே முடிஞ்சுது.

எங்க பக்கத் தப்பையும் சொல்லணும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி ரெண்டு காதிலும் இழப்பு 60 முதல் 70 டெசிபல்னா செவித்திறன் குறைந்தவர், 70-ம் அதற்கு மேலும்னா காது கேளாதவர். நாங்க டாக்டர்கள் எண்ணைப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பிடுறோம். இன்சுலின் எழுதித் தரும்போது "சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க"ன்னு சொல்றோம். வெளியூர் பயணத்தில் சாப்பாடு எப்ப வரும்னு உங்களுக்கு யார் சொல்லுவாங்கன்னு ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்ப கேட்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்?

காது கேட்காதவர்கள், அவங்க குடும்பத்தினர்:

1. டிக்கெட் போடும்போதே சொல்லுங்க. 48 மணி நேரத்துக்கு முன் மறுபடி உறுதி செய்யுங்க. "வீல்சேர் வேண்டாம், அறிவிப்புகளை எழுதிக் காட்டணும்" என்று என்ன வேணுங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. செக்-இன், கேட், விமானத்துக்குள் என்று மூணு இடத்திலும் மறுபடி சொல்லுங்க.

2. டிக்கெட்டில் பயணம் செய்பவரின் போன் நம்பர் இருக்கட்டும். ஏஜென்ட் நம்பரோ மகன் நம்பரோ போட்டால், கேட் மாறின மெசேஜ் அவங்களுக்குத்தான் போகும்.

3. செக்யூரிட்டியில் பொதுவாகக் காது மெஷினைக் கழற்ற வேண்டியதில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் உள்ளவர்கள் அதற்கான அட்டையைக் கையில் வச்சுக்கோங்க, மெட்டல் டிடெக்டர் சத்தம் போடலாம். மாற்று பேட்டரி கைப்பையில்.

4. எமர்ஜென்சி கதவுப் பக்கச் சீட் கிடைக்கலைன்னா வருத்தப்படாதீங்க. அங்க உட்காருகிறவர் பணியாளர் கத்திச் சொல்வதைக் கேட்டுச் செய்யணும். அந்த ஒரு கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கு.

5. இன்சுலின் போடுபவர்கள், காது கேட்டாலும் கேட்காவிட்டாலும், சாப்பாட்டுத் தட்டு உங்க முன்னாடி வந்த பிறகே ஊசியை எடுங்க. குளுக்கோஸோ சர்க்கரை மிட்டாயோ சட்டைப் பையில் இருக்கட்டும். மேலே இருக்கிற பெட்டிக்குள் வேண்டாம். "எனக்குக் காது கேட்காது, சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போடுகிறேன்" என்று எழுதிய அட்டையும் கூடவே.

பக்கத்து சீட்டில் இருக்கும் நீங்க:

கத்தாதீங்க. தோளை மெதுவாத் தொடுங்க. விளக்கைப் போடுங்க. முகம் பார்த்துப் பேசுங்க. புரியலைன்னா போனில் டைப் பண்ணிக் காட்டுங்க. மைக்கில் ஏதாவது சொன்னால், "சும்மா ஒண்ணுமில்ல"ன்னு கையை ஆட்டாமல் ஒரு வரி அடிச்சுக் காட்டுங்க. அது முக்கியமா இல்லையான்னு அவர் முடிவு பண்ணிக்கட்டும்.

விமான ஊழியர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். 'டெஃப்' குறியீடு உள்ள பயணி எந்தச் சீட்டில் இருக்கார்னு கிளம்பும் முன்னாடி ஒரு தடவை பாருங்க.

அன்னிக்கு அந்த வீல்சேரைத் தள்ளிட்டு வந்த பெரியவர் என்ன செய்றதுன்னு தெரியாம முழிச்சார். தம்பி சிரிச்சுக்கிட்டே தன் பையை அதில் வச்சார். மூணு பேரும் பேசாம வாசல் வரைக்கும் நடந்தோம். கிளம்பும்போது அவர் போனில் அடிச்சுக் காட்டின கடைசி வரி:

"லைட் போட்டதுக்கு தேங்க்ஸ் சார்."

உயிரைக் காப்பாற்றியதுக்குன்னு சொல்லல. லைட் போட்டதுக்கு.

உங்க வீட்டுப் பெரியவங்க அடுத்த பயணம் கிளம்பும் முன் இதைப் படிச்சுக் காட்டுங்க. விமானத்தில் வேலை பார்க்கிற நண்பர் இருந்தா அவருக்கும் அனுப்புங்க.