காத்திருக்கும் காலத்தின் செலவு

1930-இல் பெர்லினிலிருந்து பம்பாய் திரும்பியபோது சாலிம் அலிக்கு வயது 33. அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு போன வேலை அங்கே இல்லை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளராக 1926-இல் சேர்ந்தவர் அவர். மாதம் 350 ரூபாய் சம்பளம். இரண்டு ஆண்டுகளில் பறவையியலை முறையாகக் கற்க வேண்டும் என்ற எண்ணம் வந்து, ஜெர்மனிக்குப் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். திரும்பி வந்தால், நிதி இல்லை என்று சொல்லி அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் சேர்வதற்கு முன்பு இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பதவி ஒன்றுக்கு முயன்றிருக்கிறார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அது கிடைக்கவில்லை. தகுதி போதாதபோது பதவி இருந்தது. தகுதியோடு வந்தபோது பதவி இல்லை. சூழலியலில் வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் யாரிடம் இதைச் சொன்னாலும் ஒரு கணம் சிரித்துவிடுவார்.

பம்பாய்க்கு அக்கரையில் கிஹிம் என்ற கடலோரச் சிற்றூர். அங்கே குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது, போய்த் தங்கினார். அருகில் தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அந்த மழைக்காலத்தில் அவற்றைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்ததன் பயன், 1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்த கட்டுரை. ஆண் குருவி கூட்டைப் பாதிவரை கட்டி நிறுத்திக்கொள்கிறது. பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கிறது. பிடித்திருந்தால் தங்குகிறது, பிறகுதான் ஆண் மீதியை முடிக்கிறது. முடித்த கையோடு அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணுக்குக் காத்திருக்கிறது. குறுந்தொகைக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த பறவை. அதன் குடும்ப நடப்பு தெளிவாக எழுதப்படுவதற்கு வேலை போன ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

நம் மேடைகளில் இந்தக் கதை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும். எனக்குக் கண்ணில் படுவதெல்லாம் அந்த வீடுதான். வீட்டுக்குப் பின் அவர் கண்டுபிடித்த வழியும் அப்படிப்பட்டதே. சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம், முகாமுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். 1931-இல் ஐதராபாத், 1933-இல் திருவிதாங்கூரும் கொச்சியும். மனைவி தெஹ்மினா முகாம்களுக்கு உடன் போனார். நம் குமரி மாவட்டமும் அன்றைய திருவிதாங்கூரில் அடங்கியதுதான். தென்னிந்தியப் பறவைகளைப் பற்றிய நம் அறிவின் ஒரு பெரும் பகுதி, சம்பளம் வாங்காத ஒருவர் நமக்குத் தந்தது என்பதை யோசித்தால் நன்றியும் சங்கடமும் சேர்ந்தே வருகின்றன. சம்பளம் வாங்காமல் இருக்க முடியாத எத்தனை பேர் வராமலே போயிருப்பார்கள்?

இதையெல்லாம் நான் யோசிக்கத் தொடங்கியது என் அக்காள் மகளால். காட்டுயிரியலில் முதுகலை முடித்து இரண்டு ஆண்டுகளாக ஆய்வுப் பணி தேடுகிறாள். விளம்பரங்களை எனக்கு அனுப்புவாள்; நான் இலக்கியம் படிக்கிறவன், ஆகையால் விண்ணப்பக் கடிதங்களைத் திருத்தும் பொறுப்பு எனக்கு. அப்படித்தான் இந்த உலகம் எனக்கு அறிமுகமானது.

இங்கே வேலை என்பது ஒரு திட்டத்தின் நிழல். பேராசிரியர் ஒருவருக்கு மூன்றாண்டுத் திட்டம் கிடைத்தால் ஓர் இளநிலை ஆய்வாளர் இடம் முளைக்கும். திட்டம் முடிந்தால் அதுவும் முடியும். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். குறையில்லாத தொகைதான், மாதந்தோறும் வந்தால். அதற்கும் தேசியத் தகுதித் தேர்வைத் தாண்டியாக வேண்டும். உயிர் அறிவியல் தாளின் பாடத்திட்டத்தில் பதின்மூன்று பகுதிகள். சூழலியலுக்கு ஒன்று, பரிணாமத்துக்கும் விலங்கு நடத்தைக்கும் சேர்த்து ஒன்று. மீதியில் பெரும்பங்கு மூலக்கூறுகளும் செல்களும். காட்டில் தடம் பார்க்கத் தெரிந்த பெண் ஆறு மாதம் அறையைச் சாத்திக்கொண்டு நொதிகளை மனப்பாடம் செய்ததை நான் பார்த்தேன். ("மாமா, புலி இதைக் கேட்காது" என்றாள் ஒருநாள்.)

தேர்வைத் தாண்டாதவர்களுக்குக் கள உதவியாளர் பணி, தன்னார்வப் பணி என்று வேறொரு வாசல் உண்டு. தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். பணம் கொஞ்சம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த விளம்பரங்களில் தவறாமல் ஒரு சொல் வரும்: ஆர்வம். ஆர்வம் மிக்கவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒரு நிறுவனம் நேர்காணலில் இவளிடம், முதல் மூன்று மாதம் ஊதியமில்லை, உன் ஆர்வத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. கல்விக் கடனின் தவணை ஆர்வத்தைப் பார்த்து நிற்பதில்லை. எனக்கு இந்தச் சொல்லின் மேல் இப்போது ஒரு வெறுப்பே வந்துவிட்டது. தச்சரிடமோ மருத்துவரிடமோ யாரும் இப்படிக் கேட்பதில்லை. காட்டை நேசிப்பவர்களிடம் மட்டும் அந்த நேசத்தையே கூலியாகக் கணக்கெழுதுகிறார்கள்.

வெளிநாட்டுக் கதை வேறு. ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு என்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. உயிரியலில் முழுச் சம்பளத்தின் 65 விழுக்காட்டுக்கு ஒப்பந்தம் போடுவது சாதாரணம். அமெரிக்கச் சூழலியல் துறைகள் பலவற்றில் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதி அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். அவர் இசையவில்லையென்றால் மதிப்பெண்ணால் பெரிய பயனில்லை. விண்ணப்பக் கட்டணம் தனி. இவளுடைய முதல் கடிதம் பாட்டி வீட்டு அணிலில் தொடங்கியது. நல்ல உரைநடை, எனக்குப் பிடித்தது. ஆனால் பெறுபவருக்கு வேண்டியது அணில் அல்ல, கேள்வி. எந்த விலங்கைப் பார்க்க ஆசை என்பதைவிட எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று எழுதும்போது கடிதம் சட்டென்று மாறிவிடுகிறது. இரண்டாவது கடிதத்தில் அவள் அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றை எடுத்து, அதே கேள்வியை மழை தப்பிய ஆண்டில் கேட்டால் என்ன ஆகும் என்று எழுதினாள். நான்கு வரியானாலும் பதில் வந்தது. இடம் இல்லை என்ற பதில்தான்.

கேள்வியைப் பிடித்துக்கொண்டால் விலங்கு மலிவாகவும் இருக்கலாம். ராகவேந்திர கதக்கர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது மூலக்கூறு உயிரியலில். ஜன்னலோரம் கூடு கட்டும் காகிதக் குளவிகளைப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. பின்னால் அதுவே வாழ்நாள் ஆய்வானது. குளவிக்கு ஜீப் வேண்டாம், வன அனுமதி வேண்டாம். இதை அவளிடம் சொன்னேன். "அவருக்கு அப்ப ஒரு ஜன்னல் இருந்தது மாமா" என்றாள்.

தாமஸ் ஹக்ஸ்லியை எடுத்துக்கொள்வோம். கடற்படைக் கப்பலில் உதவி மருத்துவராகப் போய், கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து 1850-இல் இங்கிலாந்து திரும்பினார். 1851-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1852-இல் அதன் பதக்கம். வேலை மட்டும் இல்லை. டொராண்டோ, அபர்டீன், கார்க் என்று வரிசையாக முயன்று தோற்றார். 1854-இல்தான் லண்டன் சுரங்கப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1847-இல் சிட்னியில் சந்தித்து நிச்சயித்துக்கொண்ட ஹென்றியட்டாவை 1855-இல் மணந்தார். புகழும் பதக்கமும் வந்த பிறகும் இந்தக் கதி.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்பவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினுக்கு பீகிள் கப்பலில் சம்பளம் கிடையாது. தந்தை செலவை ஏற்றார். வாலஸுக்கு அப்படி ஒரு தந்தை இல்லை. 1848-இல் அமேசானுக்குப் போனவர் வண்டுகளையும் பறவைத் தோல்களையும் லண்டன் முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் வழியாக விற்றுத்தான் ஆய்வு செய்தார். 1852-இல் திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியது. சேகரிப்பில் பெரும்பகுதி எரிந்தது. ஸ்டீவன்ஸ் காப்பீடு செய்திருந்ததால் பிழைத்தார். மீண்டும் 1854 முதல் எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகள். இயற்கைத் தேர்வை டார்வினுக்கு இணையாகக் கண்டடைந்தது அங்கேதான். பறவைகளில் கணிசமானவற்றைச் சேகரித்துத் தந்தது அலி என்ற சரவாக் இளைஞன். அவனுடைய முழுப்பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. நம் காடுகளிலும் ஆய்வாளருக்கு வழிகாட்டும் பழங்குடி இளைஞர்களுக்குக் கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். என் அக்காள் மகளுக்காவது விண்ணப்பிக்க ஒரு படிவம் இருக்கிறது.

வாலஸுக்குக் கடைசிவரை நிலையான பதவி எதுவும் கிடைக்கவில்லை. எப்பிங் காட்டுக்குக் கண்காணிப்பாளர் தேவை என்றபோது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் விண்ணப்பித்தார், வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். தேர்வுத் தாள் திருத்தி வருமானம் தேடினார். 1881-இல் டார்வின் முயற்சியால் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் கிடைத்தது. முதல் உருப்படியான சம்பளம் ஓய்வூதியமாக வந்தது என்று சொல்லலாம்.

போன மாதம் இவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஏரிகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஐந்து மாதம். வலசைப் பறவைகள் வந்திறங்கும் பருவமாதலால் பத்து நாளில் சேரச் சொன்னார்கள். சொந்தமாக இருகண்ணோக்கி வேண்டும் என்ற நிபந்தனையை விளம்பரத்தின் கடைசி வரியில் பார்த்தேன். அக்கா தொலைபேசியில் கேட்டாள்: "அஞ்சு மாசத்துக்கு அப்புறம் என்ன தம்பி?" பறவைகள் திரும்பிப் போய்விடும் என்று சொன்னேன். "அது தெரியும். இவ?" என்றாள். நல்ல இருகண்ணோக்கி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.