தோழர் என்றொரு சொல்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிறுத்தத்தில் மாலை ஆறு மணிக்கு அரைமணி நேரம் நின்றால் போதும். தமிழர் ஒருவரையொருவர் விளிக்கும் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்துவிடலாம். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் 'தலைவரே, ஆவடியா?' என்கிறார். ஏறியவர் உள்ளே இருப்பவரிடம் 'பாஸ், கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்கிறார். தேநீர்க் கடையில் 'அண்ணே'. கல்லூரி மாணவர்களிடையே 'ப்ரோ'. தொழிற்பேட்டையிலிருந்து திரும்பும் வடநாட்டுத் தொழிலாளிக்கு, அவர் பெயர் என்னவானாலும், 'பையா'.

இவையெல்லாம் அன்பான சொற்கள்தாம். ஆனால் ஒன்றுகூடச் சமமானவரைச் சுட்டும் சொல் அன்று. ஒருவர் தலைவர் என்றால் அழைப்பவர் தொண்டர். ஒருவர் பாஸ் என்றால் அழைப்பவர் பணியாள். ஒருவர் அண்ணன் என்றால் அழைப்பவர் தம்பி. ஒரு வயிற்றில் பிறந்தவர்களைக்கூட மூத்தவர், இளையவர் என்று பிரிக்காமல் அழைக்க நம் அன்றாடப் பேச்சில் சொல் இல்லை. 'சகோதரர்' மேடைக்கும் திருமண அழைப்பிதழுக்கும் உரியது. 'ப்ரோ' இவ்வளவு விரைவாக வேரூன்றியதற்குக் காரணம் ஆங்கில மோகம் மட்டுமல்ல என்று தோன்றுகிறது. வயது கேட்காத ஓர் உடன்பிறப்புச் சொல்லுக்கு இளைஞர்களிடையே தேவை இருந்திருக்கிறது.

அப்படியானால் சமநிலையில் உள்ளவரை அழைக்கத் தமிழில் சொல்லே கிடையாதா? உண்டு. அச்சொல்லைக் கேட்டே நாம் வளர்ந்தோம். நம் தந்தையார் இத்தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர், செங்கொடிச் சங்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் சைக்கிள்கள் வந்து நிற்கும். 'தோழர் இருக்காரா?' என்ற குரல் கேட்கும். தந்தையாருக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே அந்நாளில் நமக்கு மறந்துபோகும்.

உலகின் பிற மொழிகளில் இச்சொல்லுக்கு நிகரானவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது சுவையானது. ஆங்கிலக் 'காம்ரேட்' ஸ்பானிய மொழியில் அறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஓர் அறையில் தங்கியவர் என்பது பொருள். ரஷ்யரின் 'தவாரிஷ்' வணிகச் சரக்கைக் குறிக்கும் துருக்கியச் சொல்லோடு தொடர்புடையது. கூட்டு வணிகர் என்ற பொருளில் தொடங்கியது. மலையாளப் பொதுவுடைமையாளர் வடமொழியிலிருந்து 'சகாவு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டனர். தமிழின் 'தோழர்' மட்டும் காதற் கவிதைக்குள் ஈராயிரம் ஆண்டுகள் இருந்துவிட்டு ஆலை வாசலுக்கு வந்த சொல்.

சங்க அகப்பாடல்களில் தலைவியைவிடவும் மிகுதியாகப் பேசுபவள் தோழி. எனினும் அவள் தலைவிக்குச் சமமானவள் அல்லள். தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அதாவது, பணிசெய்யும் குடும்பத்தின் பெண். தலைவியோடு உண்கிறாள், உறங்குகிறாள், அவளுக்காகப் பொய் சொல்கிறாள், வாதாடுகிறாள்; ஆனால் அவளுக்கென்று ஒரு காதல் பாடப்படுவதில்லை. காதலர் இருவரும் பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, திரு என்று பத்து வகையிலும் ஒத்திருக்க வேண்டும் என்று அதே நூல் மெய்ப்பாட்டியலில் பட்டியல் இடுகிறது. தோழிக்கு அப்பட்டியல் தேவைப்படவில்லை. ஒப்பு வேறு, தோழமை வேறு என்றே அன்று கருதியிருக்கிறார்கள். நெருக்கம் இருக்கும், நிகர் இராது. 'தோழர்' என்ற சொல்லின் தொடக்கத்திலேயே இந்த முள் இருக்கிறது.

அடுத்த திருப்பம் பக்தி இலக்கியத்தில் நிகழ்கிறது. அதன் ஒரு காட்சி நமக்கு அருகிலேயே நடக்கிறது. சுந்தரருக்குத் 'தம்பிரான் தோழர்' என்று பெயர். சைவம் கூறும் நால்வகை நெறிகளில் தோழமை நெறிக்கு, அதாவது சக மார்க்கத்துக்கு, அவரே சான்று. சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் சூளுரைத்து, அச்சூளை மீறி ஊர் எல்லையைக் கடந்தபோது அவருக்கு இரு கண்களும் மறைந்தன. கண்ணிழந்தவராக அவர் வந்து பாடிய தலம் வடதிருமுல்லைவாயில். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள அதே திருமுல்லைவாயில்தான். இக்கதையை விரித்துப் பாடிய சேக்கிழாரின் ஊரான குன்றத்தூரும் பூந்தமல்லிக்கு அண்மையில் உள்ளது.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தோழன் என்பதற்காக இறைவன் சுந்தரரை மன்னித்துவிடவில்லை; சொன்ன சொல்லைக் காக்காததற்குத் தண்டித்தான். அதே இறைவன் திருவாரூரில் பரவையாரின் ஊடல் தீர்க்க நள்ளிரவில் தெருவில் நடந்து தூது போனான். தண்டிக்கவும் முடியும், தூதனுப்பவும் முடியும். செவிலி மகளின் தோழமையில் இல்லாத இருவழிப் பாதை இது. அடியாருக்கும் ஆண்டவனுக்கும் இடையில் தமிழ்க் கற்பனை இதை அனுமதித்தது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையில்?

பூந்தமல்லி இதற்கு விடை சொல்கிறது. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது; அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னதி உண்டு. காஞ்சியில் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர், பெருமாளோடு நேரில் பேசியவர் என்று வைணவ மரபு போற்றும் பெரியவர் அவர். பிறப்பால் அந்தணர் அல்லர். அவரைக் குருவாக மதித்த இராமானுசர், அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண விரும்பித் தம் இல்லத்துக்கு அழைத்தார். இராமானுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு போய்விட்டார். இராமானுசரின் துணைவியார் எஞ்சியதை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, மீண்டும் நீராடிவிட்டார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. கடவுளோடு பேசியவரின் எச்சில் இலை ஒரு வீட்டின் தரையைத் தீட்டாக்கிவிட்டது. அந்த மெழுகிய தரையைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

ஒப்பைக் குறிக்கும் சொற்களின் விதி பிற நாடுகளிலும் விசித்திரமாகவே இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'பியர்' என்பது சமம் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது மெல்ல மேலேறிப் பிரபுக்களைக் குறிக்கும் பட்டமாயிற்று. தமக்குள் சமமானவர்கள், மற்றவர் எவரும் தமக்குச் சமமற்றவர்கள்! ஸ்காட்லாந்து மொழியிலோ 'மாரோ' என்று ஒரு சொல். நிகரானவர், வேலைத் துணை என்பதோடு, ஒரு சோடியில் ஒன்றையும் அது குறிக்கும். ஒரு காலணிக்கு மற்றக் காலணி 'மாரோ'. இச்சொல் அரண்மனைக்குப் போகவில்லை. வட இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, 'மர்ரா' என்று தொழிலாளர் வாயில் தங்கியது. ஒரே பொருளில் தொடங்கிய இரு சொற்களில் ஒன்று மேலேறிப் பொருளை இழந்தது; மற்றொன்று கீழிறங்கிக் காப்பாற்றிக்கொண்டது.

நம் சொல்லும் கீழிறங்கியே பொருளைப் பெற்றது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை நீக்கச் சொன்னது. பெயரின் பின்பக்கம் அவ்வாறு துடைக்கப்பட்டது. முன்பக்கம் எஞ்சியிருந்தது. 1931 டிசம்பரில் புறப்பட்டுச் சோவியத் ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் சுற்றிவிட்டு 1932 நவம்பரில் திரும்பிய பெரியார், இனி ஒருவரையொருவர் அழைப்பதிலும் பெயருக்கு முன் எழுதுவதிலும் 'தோழர்' என்பதையே வழங்க வேண்டும் என்று 'குடி அரசு' வாயிலாகக் கேட்டுக்கொண்டார். ஸ்ரீக்களும் ஸ்ரீமதிகளும் நின்ற இடத்தில் ஒரே சொல் வந்து நின்றது.

இதில் இலக்கண நுட்பம் ஒன்று இருக்கிறது. தோழன் ஆண்பால், தோழி பெண்பால். 'தோழர்' என்று மரியாதைப் பன்மை ஆனதும் பால் மறைந்துவிடுகிறது. 1967இல் அண்ணாவின் அரசு ஸ்ரீக்கு மாற்றாகத் 'திரு'வைக் கொண்டுவந்தபோது அதனுடன் திருமதியும் செல்வியும் சேர்ந்தே வந்தன. ஒரு பெண் மணமானவளா என்று அச்சொற்கள் கேட்டன. 'தோழர்' அதைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. புறநானூற்றுப் புலவர்கள் மன்னனையே 'நீ' என்று விளித்தார்கள். பிற்காலத்தில் நீ, நீர், நீங்கள் என்று படிகள் கட்டப்பட்டன. அதன்பின் தமிழில் சமத்துவத்துக்கு இரண்டே வழிகள்: எல்லோரையும் 'நீ' ஆக்குவது, அல்லது எல்லோரையும் 'நீங்கள்' ஆக்குவது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் முதல் வழியை முயன்று, பெரிய மனிதரையும் ஒருமையில் அழைத்து அடிபட்டார்கள். 'தோழர்' இரண்டாம் வழி. அதன் கடைசி எழுத்தான 'ர்' எல்லோரையும் மரியாதைக்கு உயர்த்துகிறது. யாரையும் இறக்காத, ஏற்ற மட்டுமே செய்யும் சமத்துவம் அது.

ஆயினும் திராவிட இயக்கத்தின் அடுத்த தலைமுறை மேடைகளில் உறவுமுறையே வென்றது. அண்ணா 'தம்பிக்கு' மடல் எழுதினார், கலைஞர் 'உடன்பிறப்பே' என்றார், எம்.ஜி.ஆர். இரத்தத்தின் இரத்தம் என்றார். குடும்பம் என்பது தமிழ் மனத்துக்குக் கதகதப்பான இடம். ஆனால் குடும்பத்தில் ஒரு மூத்தவர் இருந்தே தீர்வார். இடதுசாரிகளும் பெரியார் வழியினருமே 'தோழரை' விடாமல் வைத்திருந்தனர். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. அடுத்த பத்தாண்டுகளில் இப்பகுதியில் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் வாசற்கூட்டங்களில் இச்சொல் ஒலித்தது. நம் வீட்டு வாசலுக்கு அது வந்த வழி இதுதான்.

இதுவரை சொன்னது சொல்லின் வரலாறு. இனிச் சொல்லப்போவது நம்முடையது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

நம் கல்லூரியில் அலுவலக உதவியாளர் ஒருவர் இருந்தார். நம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரை நாம் பெயர் சொல்லி அழைப்போம். 'வா' என்று சொல்ல நாக்கு கூசும். 'வாங்க' என்று சொல்ல வேறேதோ தடுக்கும். ஆகவே 'அந்த ஃபைல் வேணுமே', 'டீ வரலையே' என்று முன்னிலையே இல்லாத வாக்கியங்களில் பேசிக்கொண்டிருந்தோம். இலக்கணம் கற்பிப்பவருக்கு இவ்வித்தை எளிது.

2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் நடந்தது. பழைய ஓய்வூதியத் திட்டம் கேட்டு ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் சாலையில் அமர்ந்தோம். கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். அவரும் நாமும் ஒரே சமுக்காளத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதப் பொட்டலம் பிரித்தோம். மைக்கில் யாரோ 'தோழர்களே' என்றார்கள். நாமும் அவரிடம் 'தோழர், ஊறுகாய் எடுத்துக்கோங்க' என்றோம். முதன்முறையாக அவருக்கு ஒரு முன்னிலை வினை. வெகு இயல்பாக வந்தது. தந்தையாரை நினைத்துக்கொண்டோம், சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

வேலைநிறுத்தம் முடிந்து கல்லூரி திறந்த அன்று காலை, துறை அறையில் ஐந்தாறு பேர் இருந்தோம். அவர் தட்டோடு வந்து, 'தோழர், டீ' என்று நம் முன் வைத்தார்.

அறை ஒரு கணம் அமைதியானது. சக பேராசிரியர் ஒருவர் புன்னகைத்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். கடிந்து பேசவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவ்வளவுதான் செய்தோம். ஆனால் அவ்வளவே போதுமானதாக இருந்தது. மறுநாள் 'சார், டீ' என்றார். ஓய்வுபெறும் வரை 'சார்'தான்.

காஞ்சியில் அந்த அம்மையார் தரையை மெழுகியபோதும் இப்படித்தான் யார்மீதும் கோபமில்லாமல் மெழுகியிருப்பார் என்று பின்னாளில் தோன்றியது. சுந்தரருக்குச் சூளை மீறியவுடன் கண் போயிற்று. நமக்கு ஒன்றும் போகவில்லை. பாடம் நடத்தினோம், சங்க இலக்கியத்தில் தோழியின் இடம் என்று அரைமணி நேரம் பேசினோம்.

தந்தையாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். 'வெளியே அவ்வளவு பேரைத் தோழர்னு கூப்பிட்டேன். உங்க அம்மாவை ஒரு நாள் கூப்பிட்டிருப்பேனா?' என்றார். உள்ளே அம்மா பாத்திரம் துலக்கும் ஓசை கேட்டது.

சமத்துவத்துக்கான சொல் ஒன்றை மொழி நமக்குக் கொடுத்துவிட்டது. தொல்காப்பியத்தில் தொடங்கி, திருமுல்லைவாயில் வழியாக, 'குடி அரசு' பக்கங்களைத் தாண்டி அது நம் துறை அறை வரை வந்தது. அதை மேசைமேல் வைத்தவர் அவர். எடுத்துக்கொள்ளாமல் விட்டவர் நாம்.

அவர் இப்போது பட்டாபிராமில் மகன் வீட்டில் இருக்கிறார். பொங்கலுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். 'தோழர், எப்படி இருக்கீங்க?' என்று கேட்க வேண்டும் என்று எண்ணியே எண்களை அழுத்தினோம். அவர் எடுத்தவுடன், 'சொல்லுங்க சார்' என்றார். நாம், 'நல்லா இருக்கீங்களா?' என்றோம். வினைமுற்று வந்துவிட்டது. விளி இன்னும் வரவில்லை.