நிலைகொள்ளாப் புள்ளிகள்

கல்லூரியில் நான் அரபி கற்பிக்கும் மாணவருள் ஒருவன், ஒருமுறை செவியுற்ற கவிதையை மறுநாள் பிழையின்றி ஒப்புவிப்பான். ஏட்டைக் கையில் கொடுத்தாலோ திகைத்து நிற்பான். பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்று, புள்ளிகளே வேற்றுமை. அப்புள்ளிகள் தன் கண்ணுக்கு நிலைகொள்வதில்லை என்றான். தமிழெழுத்திலும் அதே தடுமாற்றந்தான். சோம்பலென்றெண்ணிப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். மூன்று நாட்கள் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவன் தாயார் மருத்துவச் சான்றுடன் வந்து நின்றார். முப்பதாண்டுக் காலம் ஓதிக்கொடுத்தவன் நான். இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேரைப் பிரம்பால் விரட்டியிருப்பேனோ, அல்லாஹ்வே அறிவான்!

கற்றல் குறைபாட்டை 1995ஆம் ஆண்டின் சட்டம் ஊனங்களுள் ஒன்றாகக் கொள்ளவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டமே கொண்டது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகப் பெறலாம். சொல்வதை எழுத ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். அவனோ மனுச்செய்யவே அஞ்சினான். 'சலுகையில் தேறியவன்' என்ற ஊர்ப்பேச்சு முதல் அச்சம். அரபி எழுதத் தெரிந்தவர் கிடைப்பாரா என்பது அடுத்தது; அதில் நியாயமுண்டு. தமிழெழுத எவரும் கிடைப்பர், அரபிக்கு நாங்கள் அலையாய் அலைந்தோம்.

இப்போது பாடங்களைக் கைபேசியில் குரலாகப் பதிந்து தருகிறேன். நேற்று, பதிவிலிருந்த என் இஃராப் பிழையொன்றை அவன் தயங்கித் தயங்கிச் சுட்டிக்காட்டினான்.