மரத்தை நம்பி ஆணியை மறந்தால்

மார்ச் 4

வட கரோலினாவின் கடற்கரையில் டெக் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டைக் கம்பங்களின் மேல் உயர்த்திக் கட்டி, கடலைப் பார்த்தாற்போல ஒரு மரத்தளத்தை நீட்டிவிடுகிறார்கள். அப்படியொரு தளம் போடுவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த மரம், எந்த மருந்து, எத்தனை வருஷம் தாங்கும்? அந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மரச் சட்டத்தை மரச் சட்டத்தோடும், தளத்தை வீட்டோடும் எது பிடித்துக்கொண்டிருக்கிறது, அது எத்தனை வருஷம் தாங்கும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. கடலோரத்தில் டெக்கின் ஆயுள் அதிலுள்ள இரும்பின் ஆயுள்தான் என்பது என் வாதம். இந்தக் குறிப்பேட்டில் அதற்குச் சான்றுகளை அடுக்கி, மறுப்புகளுக்கும் பதில் தேடப் பார்க்கிறேன்.

முதலில் மரத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிட வேண்டும். 1838-இல் ஜான் பெத்தேல் என்ற ஆங்கிலேயர், மூடிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்துக் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தால் உள்ளே ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரயில் பாதைக் கட்டைகள் அதனால் நீண்டகாலம் உழைத்தன. இன்றைய ஆலைகளிலும் அடிப்படை அதுதான்: உருளையிலிருந்து காற்றை உறிஞ்சி, மருந்துக் கரைசலை நிரப்பி, சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அளவில் அழுத்தம் கொடுக்கிறார்கள். மாறியது மருந்து மட்டுமே. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசன் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கரைசலை உருவாக்கினார். சி.சி.ஏ. என்ற பெயரில் அது பிற்காலத்தில் அமெரிக்காவின் வீட்டுக் கொல்லைகளையெல்லாம் ஆண்டது. அந்த மருந்தின் ஊற்று இந்தியாவில் இருக்கிறது என்பது நம்மவர்கள் இன்னும் பரவலாக அறிய வேண்டிய செய்தி.

மரத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. நம் தச்சர்கள் வைரம் பாய்ந்த பகுதியைத் தேடி எடுத்து, வெளிறைச் செதுக்கித் தள்ளுவார்கள். அமெரிக்கத் தெற்கின் பைன் மரத்தில் இது தலைகீழ். அங்கே மருந்தைக் குடிப்பது வெளிறு; வைரம் எளிதில் குடிக்காது. புதிதாக அறுத்த ஒரு சட்டத்தின் முனையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: ஓரங்களில் பச்சை ஊறியிருக்கும், நடுவில் வைரம் அகப்பட்டிருந்தால் அந்த இடம் மட்டும் மருந்தேறாமல் பழைய மஞ்சளாகவே நிற்கும். அறுத்த முனைகளில் செம்பு நாப்தனேட் மருந்தைப் பூசாமல் விடக்கூடாது என்பது இதனால்தான். இதைச் சரியாகச் செய்தால் மரம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு மிசிசிப்பி மாநிலத்தின் சோசியர் அருகே சாட்சி இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவுக்குப் பக்கத்திலுள்ள அந்த வெப்பமும் ஈரமும் மிகுந்த காட்டில், அமெரிக்க வனத்துறையின் மர ஆய்வகம் முளைக்குச்சிகளை மண்ணில் நட்டுப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவருகிறது. மருந்தேறாத பைன் குச்சிகள் சில ஆண்டுகளிலேயே கரையானுக்கும் பூஞ்சைக்கும் இரையாயின. போதுமான சி.சி.ஏ. ஏறியவை அரை நூற்றாண்டு கடந்தும் நின்றன. மண்ணில் புதைத்த குச்சிக்கே அந்த ஆயுள் என்றால், தரைக்கு மேல் காற்றாடக் கிடக்கும் பலகையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

மார்ச் 11

இனி இரும்பு. இதே வட கரோலினாவில் கியூர் பீச் என்ற ஊர் இருக்கிறது. உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அவை எப்படி அரிக்கின்றன என்று பார்க்கும் களம் அங்கே 1930-களிலிருந்து இயங்கிவருகிறது. ஒரு திடல் அலையிலிருந்து சுமார் 80 அடி தூரத்தில், இன்னொன்று சுமார் 800 அடியில். ஒரே இரும்பை இரண்டு இடத்திலும் வைத்தால், முன்னதில் உள்ளது ஏறத்தாழப் பத்து மடங்கு வேகமாகத் துருப்பிடிக்கிறது. நடந்து கடக்கச் சில நிமிஷம் பிடிக்கும் இடைவெளிதான், ஆனால் ஆணியின் வாழ்நாளைப் பத்தில் ஒன்றாக்கிவிடுகிறது. மருந்தேற்றிய பைனுக்கு இப்படியொரு வேறுபாடு கிடையாது. அலையருகே இருந்தாலும் ஊருக்குள் இருந்தாலும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மூப்படைகிறது. கடல் இரும்பைத் தேடிப் பிடித்துத் தின்கிறது, மருந்தேறிய மரத்தை விட்டுவைக்கிறது.

கடல் ஒரு பக்கம் இருக்க, மரத்தைக் காக்கும் மருந்தே ஆணிக்குப் பகையாகிறது. மருந்தில் உள்ள செம்பு, இரும்பையும் துத்தநாகத்தையும் விட உயர்ந்த உலோகம். ஈரமான மரத்துக்குள் இவை தொட்டுக்கொண்டால், செம்பு தான் பிழைத்து மற்றவற்றைக் கரைக்கிறது. முதலில் ஆணியின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு போகும், பிறகு உள்ளிருக்கும் இரும்பு. சி.சி.ஏ. காலத்தில் இது மெல்ல நடந்தது. 2003 டிசம்பர் 31-உடன் அந்த மருந்து, ஆர்சனிக் அச்சத்தால், வீட்டு உபயோக மரத்திலிருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தவற்றுள் ஒன்று ஏ.சி.க்யூ. சி.சி.ஏ.வில் செம்பு ஆக்சைடின் பங்கு 18.5 விழுக்காடு, ஏ.சி.க்யூ.வில் மூன்றில் இரண்டு பங்கு. அரிப்பை மட்டுப்படுத்திய குரோமியமும் இல்லை. குழந்தைகள் தவழும் தளத்திலிருந்து ஆர்சனிக்கை எடுத்தது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மரம் பழைய பச்சை நிறத்திலேயே கடைக்கு வந்ததால், அதற்குள் அறையப்படும் ஆணியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கிறது என்பது கட்டுபவர்கள் பலருக்கு எட்டவில்லை.

ஈரத்தின் கணக்கு இதைவிட முக்கியம். மரத்தில் 20 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இருந்தால் பூஞ்சைக்கு வேலை இல்லை. ஆனால் மரத்துக்குள் பதிந்த உலோகம் 15 முதல் 18 விழுக்காட்டு ஈரத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடுகிறது. பூஞ்சையே வர முடியாத அளவுக்கு உலர்ந்த சட்டத்துக்குள்ளும் ஆணி கரைந்துகொண்டிருக்கலாம் என்று இதற்குப் பொருள். மேலே கை வைத்துப் பார்ப்பவருக்குக் கெட்டியான மரம்தான் தட்டுப்படும்.

மார்ச் 12

நேற்று விட்டுப்போன ஒன்று. கடலோரக் கட்டடங்களின் உலோக இணைப்புகளைப் பற்றி அமெரிக்கப் பேரிடர் நிர்வாக முகமையான ஃபீமா ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எது சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதில் அது சொல்வது பொதுப் புத்திக்கு நேர்மாறானது. வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் இரும்பைவிட, பாதி மறைவில் இருக்கும் இரும்புதான் வேகமாக அரிக்கிறதாம். காரணம் எளிமையானது. திறந்த இடத்தில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது, வெயில் உலர்த்திவிடுகிறது. தளத்தின் அடியில் மழை எட்டாது, உப்புக்காற்று எட்டும். படிந்த உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும்.

டெக்கின் அடியில் குறுக்குச் சட்டங்களைத் தாங்கும் ஜாய்ஸ்ட் ஹேங்கர்கள் இருக்கும் இடம் அதுதான். கொக்கி போல வளைத்த அந்தத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. முதலில் அதன் மடிப்புகளில் வெள்ளைப் பொடி பூக்கும். அது துத்தநாகம் கரைவதன் அடையாளம். பிறகு ஆணித்தலைகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையங்கள் வரும். ஆணித்தலை உதிர்ந்த பிறகு தகடு மரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பது வெறும் வழக்கத்தால்தான், வலிமையால் அன்று.

மார்ச் 20

சான்றுகளில் கனமானது எமரால்டு ஐல். 2015 ஜூலை 4, அமெரிக்காவின் விடுதலை நாள். வட கரோலினாவின் அந்தக் கடற்கரை ஊரில் விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொள்ள டெக்கில் ஒன்றாகக் கூடி நின்றபோது தளம் சரிந்தது. 20-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அரித்துப்போன ஆணிகள்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. படத்துக்கு நிற்பது டெக்குக்கு எவ்வளவு கடுமையான சோதனை என்பதை யாரும் நினைப்பதில்லை. மற்ற நேரத்தில் பரவி நிற்கும் எடை அப்போது நெருக்கிக்கொண்டு ஓரிடத்தில் குவிகிறது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி, டெக்கைச் சதுர அடிக்கு 40 பவுண்டு பயன்பாட்டு எடைக்குக் கணக்கிடச் சொல்கிறது. அந்தக் கணக்கு புது ஆணியை வைத்துப் போட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். அதற்குச் சில வாரம் முன்புதான், 2015 ஜூனில், கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஐந்தாம் மாடி பால்கனி ஒன்று முறிந்து ஆறு பேர் இறந்தார்கள். அங்கே மக்கியிருந்தது மரமே. அப்படியானால் மரத்தை நான் இவ்வளவு எளிதாக விட்டுவிடலாமா? பெர்க்லியில் மரம் நீர்காப்புப் பூச்சுகளுக்குள் நாலா பக்கமும் மூடப்பட்டிருந்தது. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லை. கடலோர டெக் திறந்த அமைப்பு; பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி விட்டு, மருந்தேற்றிய மரத்தில் கட்டுவது. அந்த விபத்து எனக்குக் காட்டுவது வேறொன்று: பார்வைக்குத் தப்பும் இடத்தில்தான் கட்டடம் சாகிறது. பெர்க்லியில் அந்த இடம் பூச்சுக்குள் இருந்தது. டெக்கில் அது வீட்டுச் சுவரோடு சேரும் லெட்ஜர் பலகையின் பின்னால் இருக்கிறது. அந்தப் பலகையை வெறும் ஆணிகளை நம்பி அறைவதை விதி தடுக்கிறது. அரை அங்குல போல்ட்டோ தடித்த திருகாணியோ வேண்டும். ஆணி பக்கவாட்டில் வரும் எடையைத் தாங்கும். நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். கடையில் வாங்கும்போது நீர் சொட்டச் சொட்ட இருக்கும் மருந்து மரம், உலர்ந்து சுருங்கும்போது ஆணியின் மேல் தன் பிடியையும் தளர்த்திவிடுகிறது.

ஏப்ரல் 2

மற்ற மறுப்புகள். துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணியே போதும், எதற்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு (ஸ்டெயின்லெஸ்) என்பது முதலாவது. இதற்கு விதியே பதில் சொல்கிறது: குடியிருப்புக் கட்டட விதியின் 2018 பதிப்பு, உப்புநீர்க் கரையிலிருந்து 300 அடிக்குள் டெக்கின் இணைப்புகள் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும் என்கிறது. 300 அடி என்பதும் குறைந்தபட்சமே. உப்புச்சாரல் 300 முதல் 3,000 அடி வரையில்தான் தேய்ந்துகொண்டே வருகிறது என்கிறது ஃபீமா. 310 அடியில் வீடு வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்க இதில் காரணம் எதுவும் இல்லை. ஸ்டெயின்லெஸ்ஸிலும் 304-ஐ வாங்கிவிட்டு ஏமாறக்கூடாது. உப்பு தரும் புள்ளி அரிப்பைத் தடுப்பது 316-இல் கூடுதலாகச் சேர்க்கப்படும் மாலிப்டினம்.

இப்போது வரும் நுண்துகள் செம்பு மருந்து ஆணியை அவ்வளவாக அரிப்பதில்லையே என்பது இன்னொரு மறுப்பு. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது உள்ளிருந்து வரும் பகையைத்தான் குறைக்கிறது, கடலிலிருந்து வரும் உப்பை ஒன்றும் செய்வதில்லை. 300 அடி விதி மருந்து எதுவென்று பார்த்து எழுதப்பட்டதன்று. பிளாஸ்டிக் கலந்த பலகை போட்டால் பிரச்சினை தீராதா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். மேலே விரிக்கும் பலகைதான் பிளாஸ்டிக். அதைச் சுமக்கும் சட்டங்கள் பெரும்பாலும் அதே மருந்து பைன், அதே ஹேங்கர்கள். மேல்தளம் பல வருஷம் புதிதாகவே தெரிவதால் ஆபத்து கூடுகிறது என்றுகூடச் சொல்வேன்.

விலை பற்றிய மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஸ்டெயின்லெஸ் திருகாணியின் விலை சாதாரண ஆணியைப் போலப் பல மடங்கு, ஹேங்கர்களும் அப்படியே. ஒரு சிறிய குடும்பத்துக்கு அது உறுத்தும். எனினும் செலவில் பெரும்பங்கு மரத்துக்கும் கூலிக்கும் போகிறது. தளத்தை நாலு அடி குறுக்கிக்கொண்டு, மிச்சப்படும் பணத்தை இணைப்புகளில் போடுவது நியாயமான வழி. பாதி மட்டும் மாற்றுவது கூடாது: துத்தநாகம் பூசிய ஹேங்கரில் ஸ்டெயின்லெஸ் திருகாணியைப் போட்டால், இரண்டு உலோகங்களும் மோதி ஹேங்கர் முன்னதாகவே போய்விடும்.

எப்படியும் ஒருநாள் புயல் கொண்டுபோகப் போகிறது, இத்தனை பாடு எதற்கு என்கிறார்கள் சிலர். இதே மாநிலத்தின் ரொடாந்தே ஊரில் 2020-க்குப் பிறகு வீடுகளே கடலுக்குள் விழுந்ததைக் காட்டுகிறார்கள். கரை அரிக்கும் இடத்தில் டெக் கட்டவே வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் புயலுக்கு முன்னெச்சரிக்கை வரும், ஆட்கள் வெளியேறிவிடுவார்கள். துருப்பிடித்த டெக் விழுவது அமைதியான நாளில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது.

ஏப்ரல் 9

மருந்தேற்றிய ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் சிறிய பிளாஸ்டிக் சீட்டு ஒன்று அடித்திருக்கும். எந்த மருந்து, எந்த உபயோக வகை, எந்த ஆலை என்று அதில் இருக்கும். தரையைத் தொடும் மரத்துக்கு ஒரு வகை, தரைக்கு மேல் நிற்பதற்கு இன்னொன்று. 2016-இல் அமெரிக்க மரப் பாதுகாப்புச் சங்கம் விதியைத் திருத்தி, மாற்றக் கடினமான, தளத்தின் உயிர்நாடியான சட்டங்களுக்குத் தரையைத் தொடும் மரத்தின் அளவுக்கு மருந்து வேண்டும் என்றது. மரத்துக்கு இவ்வளவு கவனம். இணைப்புகளுக்கு அப்படியொரு சீட்டு கிடையாது. அறைந்த பிறகு, குறியில்லாத ஆணித்தலையைப் பார்த்து அது 304-ஆ 316-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. வீடு கைமாறினால் அந்த விவரமும் போய்விடுகிறது.

ஆகவே வரைபடத்தோடு ஒரு தாளும் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்: ஒவ்வொரு இணைப்பின் ரகம், அளவு, போட்ட தேதி. அதன் நகல் வீட்டின் மின்பலகைக்குள் ஒட்டப்பட வேண்டும். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகளில் ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன் யாராவது டார்ச்சும் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு தளத்தின் அடியில் போய், லெட்ஜரின் போல்ட்டுகளையும் ஹேங்கர்களின் மடிப்புகளையும் பார்த்து அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும். அடிப்பக்கத்தை அழகுக்காகப் பலகை வைத்து அடைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அடைத்தே தீருவேன் என்பவர், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவாவது வைக்க வேண்டும்.