அங்கோரில் நான்கு நாள் – 2: பதின்மூன்று வயதுக்கு முழுச் சீட்டு

பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கம்போடியாவின் அங்கோரில் சீட்டுக் கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். என் மகனுக்குப் பதின்மூன்று. மகளுக்குப் பதினாறு. மூன்று நாள் சீட்டு ஆளுக்கு 62 டாலர் என்று மூவருக்கும் 186 டாலர் எண்ணி வைத்தேன். ஒவ்வொருவரையும் கேமரா முன் நிறுத்தி, முகம் அச்சிட்ட சீட்டைக் கையில் தந்தார்கள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்லம்மா? என் காசு மிச்சம்" என்றான். வந்திருந்தால் பாதி வழியில் தூக்கச் சொல்லியிருப்பான் என்பது அவனுக்கு மறந்துபோச்சு.

பொங்கல் விடுமுறையை ஒட்டிக் கிடைத்தது நான்கே நாள். திருச்சியிலிருந்து கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம்: முதல் நாள் என் இஷ்டம், அடுத்த நாள் மகள் சொல்கிறபடி, அதற்கடுத்த நாள் மகன். ஒருவர் நாளில் இன்னொருவர் முனகக் கூடாது. சின்னப் பிள்ளைகளோடு போனால் நமக்கு இடுப்பு வலிக்கும். வளர்ந்ததுகளோடு போனால் வாய் வலிக்கும். முன்கூட்டியே பஞ்சாயத்தை முடித்துக்கொள்வது நல்லது.

மார்கழி முழுக்கத் திருப்பாவைக்கு எழுப்பியும் எழாத மகள், தை பிறந்த மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தலைவாரித் தயாராக நின்றாள். சூரிய உதயத்தில் போட்டோ எடுக்கணுமாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் வண்டி கோத்த ரெமோர்க்கில் ஏறினோம். ஓட்டுநருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. நம்மைவிட மூத்தவர்களை 'பொங்' என்று கூப்பிடலாம் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். அண்ணனுக்கும் அக்காவுக்கும் அந்த ஒரே சொல்தான். மகன் அன்று முழுக்க அவரை 'பொங்' என்றே அழைத்தான், அக்காவையும் சேர்த்து.

அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். வாசலில் நின்று பார்த்தால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும்புவது அதனால்தான். குளக்கரையில் தலைக்கு மேல் தலையாக முந்நூறு பேராவது இருப்பார்கள். வானம் செம்பருத்தி நிறமாகி, ஐந்து கோபுரங்களும் கரிக்கோடாகத் தண்ணீரில் தலைகீழாக நின்றன. எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. பக்கத்தில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் தங்கள் ஊரோடு ஒட்டிப் பார்த்தாக வேண்டும். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அகழியையும் சேர்த்தால் அங்கோர் வாட் ஏறக்குறைய 400 ஏக்கர். எங்கள் கோயில் 156. "ரெண்டரை ஸ்ரீரங்கம்" என்று மகள் ஒத்துக்கொண்டாள். அகழியின் அகலம் மட்டும் 190 மீட்டர். ஆனால் நடுக் கோபுரத்தின் உயரம் 65 மீட்டர் என்று படித்ததும் மகன் துள்ளினான். 1987-இல் கட்டி முடித்த எங்கள் ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். "நாமதான்மா ஒசரம்!" எண்ணூறு வருஷம் கழித்து, கான்கிரீட்டும் கிரேனும் வந்த பிறகு ஜெயித்த போட்டி அது என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை.

12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் பெருமாளுக்கு எடுத்த கோயில் இது. பின்னால் புத்தர் கோயிலாக மாறி, இன்றும் பிக்குகள் வந்துபோகிறார்கள். கிழக்குப் பிராகாரச் சுவரில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள். நடுவில் விஷ்ணு, அடியில் ஆமை, இடப்பக்கம் அசுரர், வலப்பக்கம் தேவர். மகன் அசுரர்களை எண்ணக் கிளம்பினான். முதல் தடவை 89, அடுத்த தடவை 93. 92 என்று சிலரும் 91 என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னதும்தான் விட்டான். வால் பக்கத்துக் கடைசியில் வாசுகியைப் பிடித்திருக்கும் குரங்கு முகத்தைக் காட்டி, "அனுமார் எப்படி இந்தக் கதைக்குள்ள வந்தாரு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கதை கடல் தாண்டும்போது அனுமாரும் கூடவே தாண்டியிருப்பார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர்களை அதிக நேரம் நிறுத்தியது தெற்குப் பக்கம். அங்கே 37 சொர்க்கங்களும் 32 நரகங்களும் இருக்கின்றன. சொர்க்கத்தில் எல்லோரும் மாளிகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே சலிப்பு. கீழே எருமை மேல் எமன், கணக்கோடு சித்திரகுப்தன், மூக்கணாங்கயிறு கட்டி இழுத்துப் போகப்படும் பாவிகள். எந்த நரகம் எது என்று சின்ன எழுத்தில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். "அந்நியன் படம்மா!" என்றாள் மகள். கருட புராணத்தைப் படமாக எடுத்த இயக்குநருக்கு இங்கே ஒரு வணக்கம். பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உச்சித் தளத்துக்குப் போகும் படி செங்குத்தானது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் விடுவதில்லை. மகன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். 62 டாலர் அங்கே ஜீரணமாயிற்று. என் முழங்கால் ஒத்துழைக்காததால் இருவரும் தனியாக ஏறினார்கள். நான் கீழே தூண் நிழலில் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பயணத்தில் நான் யாருக்கும் எதையும் சொல்லாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக் கடையில் ஒரு சங்கடம். ஊரில் மாற்றி வாங்கி வந்த ஐம்பது டாலர் நோட்டில் எள்ளளவு கிழிசல். கடைக்காரம்மா விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். கம்போடியாவில் டாலர் எங்கும் செல்லும், சில்லறையை ரியெலில் தருவார்கள். ஆனால் நோட்டு புதுசாக, மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். போகிறவர்கள் ஊரிலேயே ஒவ்வொரு நோட்டையும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் மகளுடைய நாள். காலையில் நோம் பான் சொக். நம் இடியாப்பம்தான்; மேலே எலுமிச்சைப்புல் வாசத்தோடு மீன் குழம்பு. அப்புறம் கோயில் எதுவும் வேண்டாம், எலி பார்க்கப் போகலாம் என்றாள்.

அபோபோ என்கிற அமைப்பு ஆப்பிரிக்கப் பெரிய எலிகளைக் கண்ணிவெடி மோப்பம் பிடிக்கப் பழக்குகிறது. அங்கோரை ஒட்டிய சியெம் ரீப் நகரில் அதைப் பார்க்க ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். எலிக்கு எடை குறைவு, மிதித்தாலும் வெடிக்காது. ஒரு டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணியில் தேடி முடித்துவிடும். கருவி வைத்துக்கொண்டு மனிதர் தேடினால் நான்கு நாள் வரைகூட ஆகும். மகாவா என்ற எலி 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து, 2020-இல் தங்கப் பதக்கம் வாங்கி, 2022 ஜனவரியில் வயதாகிச் செத்துப்போனது. எங்கள் முன்னால் ஒரு எலி மண்ணைச் சுரண்டிக் காட்டி, கூலியாக வாழைப்பழம் வாங்கிக்கொண்டது. மகன் இரண்டாம் முறையும் காட்டச் சொன்னான்.

திரும்பும் வழியில் இளநீர்க் கடையில் நிறுத்தியபோது மகள் ஓட்டுநரிடம் வயதைக் கேட்டாள். நான் கண்ணால் அடக்கியும் கேட்டாள். கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் இயக்கம் ஆட்சிக்கு வந்த 1975-இல் அவருக்கு நான்கு வயதாம். "அப்பா முகம் ஞாபகமில்லை. போட்டோ இல்லை" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, இளநீரில் உறிஞ்சுகுழல் போட்டு மகனிடம் நீட்டினார். முந்தின நாள் மட்டும் அறுநூறு போட்டோ எடுத்தவள், அன்று சாயங்காலம் வரைக்கும் போனைக் கையில் எடுக்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மகனுடையது. தொன்லே சாப் ஏரிக்குப் போகணும் என்றான். ஏரியிலிருந்து மீகாங் நதிக்கு ஓடும் ஆறு மழைக்காலத்தில் திசை மாறி, மீகாங்கிலிருந்து ஏரிக்குப் பின்னோக்கி ஓடும் என்று எங்கோ படித்திருக்கிறான். நாங்கள் போனது ஜனவரியில். அதை அவனிடம் சொன்னபோது என்ன நடந்தது என்பது அடுத்த வாரம்.